வராத பிள்ளையின் மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

டர்பனை அடுத்த பீனிக்ஸில் கோயில் தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைகளில் பாடம் நடத்துகிறேன். 14 பிள்ளைகள். மூன்று தேர்வுகளின் சராசரியைக் கண்டு, நம் தென்னாப்பிரிக்க அரசுப் பள்ளிகளில் தருவதுபோல 1 முதல் 7 வரை நிலை போடுவதற்குப் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினேன். இதுதான் என் முதல் நிரல். 30க்குமேல் எடுத்த எல்லோருக்கும் நிலை 2 என்றே வருகிறது. 92 எடுத்த பெண்ணுக்கும் 2தான். மதிப்பெண் இல்லாத இடத்தில் நிரல் நின்றுபோனது, அதை நானே சரிசெய்துவிட்டேன். இந்தக் குழப்பம்தான் தீரவில்லை. தமிழிலேயே நிரல் எழுத உதவும் ‘எழில்’ மொழிக்கு மாறிவிடலாமா? நிரலையும் மதிப்பெண் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

ம., பீனிக்ஸ்

அன்புள்ள ம.,

நிபந்தனைகளைக் கீழிருந்து மேலாக அடுக்கியிருக்கிறீர்கள். ‘30 அல்லது அதற்கு மேலா?’ என்று முதலில் கேட்டால் 92உம் ஆம் என்றுதான் சொல்லும். அதன்பின் ‘எலிஃப்’ (இல்லையென்றால் இதுவா) என்று தொடங்கும் வரிகளைக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது. 80இல் தொடங்கி 70, 60, 50, 40, 30 என்று இறங்கி வாருங்கள். எதிலும் சேராதவர்க்கு 1. ‘70 முதல் 79 வரை’ என்று இரண்டு எல்லைகளையும் எழுத வேண்டாம். சராசரி 79.5 வந்தால் அது 6இலும் சேராமல் 7இலும் சேராமல் நிற்கும். எழில் நல்ல முயற்சி, கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வரிசை தவறினால் அங்கேயும் 92க்கு 2தான் வரும்.

இதோடு முடித்திருப்பேன். ‘அதை நானே சரிசெய்துவிட்டேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி என்னை விடவில்லை. நிரலைத் திறந்து பார்த்தேன். நீங்கள் எதையும் சரிசெய்யவில்லை. ஒன்றும் தட்டாமல் என்டர் அழுத்தினால், வெறுமையை எண்ணாக மாற்ற முடியாமல் பைத்தான் ‘வேல்யூ எரர்’ என்று நின்றது. அது செய்ததுதான் சரி. இங்கே எண் இல்லையே, என்ன செய்யட்டும் என்று உங்களைக் கேட்டது. நீங்கள் 0 என்று எழுதி அதன் வாயை அடைத்துவிட்டீர்கள்.

உங்கள் பட்டியலின் 11ஆம் வரியைப் பாருங்கள். ஒரு பையன். முதல் தேர்வில் 72, மூன்றாவதில் 68, நடுவில் வெற்றிடம். நிபந்தனைகளை நான் சொன்னபடி திருத்திய பிறகும் உங்கள் நிரல் 140ஐ 3ஆல் வகுத்து 46.67 என்று சொல்லும். நிலை 3. அவன் எழுதிய இரண்டு தேர்வுகளை மட்டும் கணக்கில் எடுத்தால் சராசரி 70, நிலை 6. மூன்று படிகள்! 2008இல் 12ஆம் வகுப்பு மெட்ரிக் தேர்வுக்கு வந்த இந்த ஏழு நிலைகளில் 3க்கும் 4க்கும் நடுவே இருப்பது 50 என்ற எல்லை. பட்டப்படிப்புக்குப் போக நான்கு பாடங்களிலாவது அதைத் தொட்டாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கோயில் பள்ளிதானே என்று சொல்லாதீர்கள். முதல் நிரலில் படிந்த பழக்கம் அடுத்த நிரலுக்கும் கூடவே வரும்.

1960களின் நடுவில் எங்கள் குடும்பத்தை டர்பனின் தொழிலாளர் குடியிருப்பான மேகசீன் பாரக்ஸிலிருந்து, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்தார்கள். எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று நிறவெறி அரசின் குழுப் பகுதிச் சட்டம் 1950இலேயே கோடு கிழித்துவிட்டது. எங்கள் முறை வந்தபோது பள்ளியில் ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கணக்குத் தேர்வன்று காலையில் லாரி வந்து நின்றது. ஆயாவின் அம்மிக்கல்லை அப்பாவும் சித்தப்பாவும் தூக்கி வைத்தார்கள். குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். சில வாரங்கள் கழித்துத் தேர்ச்சி அறிக்கை வந்தது. வரவில்லை என்று அதில் இல்லை. கணக்கு 0 என்று இருந்தது. வகுப்பில் நான்காவதாக இருந்தவன் 29ஆவது. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். அந்த 0மீது விரலை வைத்து, “நீதான் பரீட்சைக்கே போகவில்லையே, எந்தத் தாளைத் திருத்தி இதைப் போட்டார்கள்?” என்று கேட்டாள். புதிய பள்ளி அந்த அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு, கணக்கு வராத பிள்ளைகளோடு என்னை உட்காரவைத்தது. அங்கிருந்து எழுந்து வர எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. பிறகு 30 ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தேன். என் பதிவேட்டில் வராத பிள்ளையின் கட்டத்தில் சிறு கோடு மட்டும் இழுப்பேன்.

நம் பழைய எண்முறையில் சுழியத்துக்குக் குறியே கிடையாது. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. 205ஐ ௨௱௫ என்று எழுதினார்கள். பத்துகள் இல்லையா, அங்கே எதையும் எழுதுவதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தட்டியதை முதலில் எழுத்தாகவே வாங்குங்கள். வெறுமையாக இருந்தால் ‘நன்’ (None) என்று வையுங்கள். பைத்தானில் எதுவும் இல்லை என்பதற்கான சொல் அது. எண் உள்ளவற்றை மட்டும் கூட்டி, எத்தனை எண்களோ அத்தனையால் வகுத்து, நிலைக்குப் பக்கத்தில் ‘3இல் 2 தேர்வுகள்’ என்று அச்சிடுங்கள். ஒரு தேர்வும் எழுதாத பிள்ளை இருந்தால் வகுக்கவே வேண்டாம், ‘மதிப்பெண் இல்லை’ என்று போடுங்கள். சிலர் வெற்றிடத்துக்கு −1 வைக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள், அதுவும் கூட்டலில் கலந்துவிடும். இன்னொரு பள்ளமும் இருக்கிறது. வெற்றிடமா என்று பார்க்கக் குறுக்குவழியாக ‘இஃப் நாட்’ என்று எழுதினால் பைத்தான் 0 என்ற எண்ணையும் இல்லாததாகவே கொள்ளும். பரீட்சைக்கு வந்து, உட்கார்ந்து, எழுதி 0 வாங்கிய பிள்ளையும் உண்டு. அந்த 0 அவன் எழுதி வாங்கியது, அதையும் அழிக்க உங்களுக்கு உரிமை இல்லை. ‘நன்’தானா என்று நேராகவே கேளுங்கள்.

பிள்ளைகளின் பெயர்களோடு மதிப்பெண் பட்டியலை முன்பின் தெரியாத எனக்கு அனுப்பியதும் தவறு. நான் அதை அழித்துவிட்டேன். இனி யாருக்கும் அப்படி அனுப்பாதீர்கள்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம் அம்மா. வாரம் முழுவதும் வேலைக்குப் போய்விட்டு, சனிக்கிழமையையும் 14 பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள். அவர்களுக்காக இரவில் உட்கார்ந்து நிரல் எழுதவும் கற்கிறீர்கள். தமிழ் பேசும் வீடுகள் குறைந்துபோன இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

11ஆம் வரிப் பையன் அன்று ஏன் வரவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. காவடி விரதமா, காய்ச்சலா, பஸ்ஸுக்குக் காசில்லையா? அவனிடம் கேளுங்கள். வினாத்தாள் மீதம் இருந்தால் அடுத்த சனிக்கிழமை அவனுக்கு மட்டும் அந்தத் தேர்வை வையுங்கள். திருத்திய நிரலை அதன்பிறகு அனுப்புங்கள், பார்க்கிறேன்.