பம்ப் வாங்கும் முன் பல்பைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் படகின் பின்னால் மாட்டும் 25 குதிரைத்திறன் கொண்ட பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் இருக்கிறது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் வகை. ஸ்டார்ட் ஆவதில் சிக்கல் இல்லை. இரண்டு நிமிடம் நன்றாக ஓடும், வேகம் கூட்டியதும் திணறி நின்றுவிடும். டேங்கிலிருந்து வரும் ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்பைக் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தால் மட்டும் ஓடுகிறது. ஃபியூயல் பம்ப், கார்புரேட்டர் இரண்டையும் புதிதாக மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பல்பை அமுக்கினால் ஓடுகிறது என்றால், பெட்ரோல் வந்து சேர்ந்தால் கார்புரேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். புது கார்புரேட்டர் இப்போதைக்குத் தேவையில்லை. முதல் இரண்டு நிமிடம் ஓடுவது அதன் கிண்ணத்தில் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் பெட்ரோலில். அது தீர்ந்ததும் பின்னால் வர வேண்டியது வரவில்லை.

ஏன் வரவில்லை? உங்கள் மோட்டாரின் பம்புக்குள் இருப்பது டயாஃபிரம் என்னும் மெல்லிய சவ்வு. பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறையான கிராங்க்கேஸின் அழுத்தம் ஏறி இறங்குவதில் அது துடித்து, டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பாதையில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் பெட்ரோலுக்கு முன் காற்று நுழைந்துவிடும். மோட்டார் ஓடும்போது வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தாது. அதனால்தான் பலரும் ஹோஸைச் சந்தேகிக்காமல் நேராக பம்பைக் குற்றம் சொல்கிறார்கள்.

இன்னொருவரைப் படகில் உட்கார வைத்து, மோட்டார் திணறும் அதே நேரத்தில் பல்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது அது சற்றுத் தளர்வது இயல்புதான். சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் அடைப்பு டேங்க் பக்கம். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூடியிருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது. அப்புறம் உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள வலை. பல்பு கல்லாக இறுகியிருந்தால் அடைப்பு பல்புக்கு அப்பால், அதாவது ஃபில்டரிலோ அதற்கு மேலோ. உருண்டையாக, ஆனால் மெத்தென்று இருந்தால் காற்று புகுகிறது என்று சந்தேகப்படலாம்.

காற்று புகும் இடத்தைக் கண்டுபிடிக்க, மோட்டாரை நிறுத்திவிட்டு பல்பின் அம்புக்குறி மேல் நோக்கி இருக்கும்படி பிடித்து, இறுகும் வரை அமுக்குங்கள். ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஓட்டை அங்கேதான். மோட்டாரில் மாட்டும் கனெக்டருக்குள் ஓ-ரிங் என்னும் சின்ன ரப்பர் வளையம் இருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள். எனக்கும் ஒருமுறை இதே தொல்லை வந்தது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தும் தீரவில்லை. கடைசியில் பார்த்தால் அந்த ஓ-ரிங்கில் முடியளவு வெடிப்பு. அதை மாற்றிய பிறகு ஒருநாளும் திணறவில்லை.

இதிலும் பிடிபடவில்லை என்றால், நன்றாக ஓடும் இன்னொரு படகின் டேங்கையும் ஹோஸையும் ஒரு மணி நேரம் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது, நான் மிகவும் நம்புவதும் இதைத்தான். மோட்டார் சீராக ஓடினால் பம்ப் மேல் பழி இல்லை. அப்போதும் திணறினால் பம்பைத் திறக்கலாம். முழு பம்ப் எதற்கு? பெரும்பாலான மாடல்களுக்கு டயாஃபிரமும் கேஸ்கட்டும் அடங்கிய கிட் தனியாகக் கிடைக்கும். பழைய டயாஃபிரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓட்டையோ விறைப்போ இருந்தால் காரணம் அதுதான்.

அதுவரை பல்பை அமுக்கி அமுக்கி வேகமாக ஓட்டாதீர்கள். உங்கள் மோட்டாரில் ஆயில் பெட்ரோலோடுதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்து பிஸ்டன் சூடேறி உரசும். கரை சேர வேண்டிய அவசரம் என்றால் மெதுவாக வாருங்கள். சோதனைகளைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட விட்டால் கூலிங் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கருகும், அதுவும் கவனம்.

கேள்வி: ஹோஸும் பல்பும் மாற்ற வேண்டும். மோட்டார் கம்பெனியுடையதுதான் வாங்க வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை, ஆனால் ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஐ.எஸ்.ஓ. 7840 அல்லது எஸ்.ஏ.இ. ஜே1527 என்ற தர எண் இருந்தால் அது படகு எரிபொருளுக்கென்றே செய்த ஹோஸ். சாதாரண பிளாஸ்டிக் குழாய் பெட்ரோலில் விறைத்து வெடித்துவிடும். உள்விட்டம் பழையதைவிடக் குறையக் கூடாது. பல்பைக் கடையிலேயே சோதிக்கலாம். அம்புக்குறியின் திசையில் ஊதினால் காற்று போக வேண்டும், எதிர்த்திசையில் ஊதினால் போகவே கூடாது. இரண்டு பக்கமும் போனால் வால்வு சரியில்லை, வேறு கேளுங்கள். பல்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஹோஸை வைத்துக்கொள்வது வீண் சிக்கனம். பழைய ஹோஸின் உள்படலம் உரிந்து மடல்போலத் தொங்கி வழியை அடைக்கும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும்.

கேள்வி: பல மாதம் டேங்கில் கிடந்த எத்தனால் கலந்த பெட்ரோலில் புதியதைக் கலந்து ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும், உறிஞ்சு குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அசையாமல் வையுங்கள். நடுவே கோடு விழுந்தால் அந்தப் பெட்ரோல் மோட்டாருக்கு ஆகாது, புதியதைக் கலந்தாலும் சரியாகாது. கோடு விழாவிட்டாலும் பல மாதப் பழசு என்றால் நான் பயன்படுத்த மாட்டேன். டேங்கைக் காலி செய்து, ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றி அங்கே தங்கியதையும் ஒரு டப்பாவில் வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.