கிழங்கு மாத்திரை வேண்டாம், ருயிபோஸ் குடிக்கட்டும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்து என்னோடு இருக்கும் அம்மாவுக்கு வயது 64. கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறார், கொஞ்சம் ரத்தசோகையும் உண்டு. ஆறு மாதமாக டீயை விட்டுவிட்டு ருயிபோஸ் என்ற தென்னாப்பிரிக்க மூலிகை டீயைக் குடிக்கிறார். இப்போது பக்கத்து வீட்டு சூலு இனப் பாட்டி சொன்னார் என்று ‘ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு’ மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறார். டப்பாவில் ‘ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது’ என்று போட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா? கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். கொழுப்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம். கிழங்கு மாத்திரை டப்பாவைத் திறக்கவே வேண்டாம். ருயிபோஸைத் தாராளமாகக் குடிக்கட்டும்.

பெயர்தான் உருளைக்கிழங்கே தவிர, அது உருளைக்கிழங்கு இனமே இல்லை. மஞ்சள் நட்சத்திரப் பூ பூக்கும் ஒரு செடியின் அடிக்கிழங்கு. சூலு மக்கள் இலபதேக்கா என்பார்கள், உங்கள் ஊரில் முத்தி எனப்படும் நாட்டு மருந்துச் சந்தைகளில் பார்த்திருப்பீர்கள். சிறுநீர்க் கோளாறுகளுக்கு அவர்கள் இதைக் காலங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். அதில் விஷயம் இல்லாமலும் இல்லை. இந்தக் கிழங்கில் பீட்டா சிட்டோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. ஆண்களுக்கு மட்டுமே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கி சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்ட 200 ஆண்களுக்கு ஜெர்மனியில் அதைக் கொடுத்துப் பார்த்ததில் தொந்தரவு குறைந்தது. 1995இல் லான்செட் மருத்துவ இதழில் அந்த ஆய்வு வந்தது. ஆனால் உங்கள் அம்மாவுக்குப் புராஸ்டேட் கிடையாதே!

சரி, டப்பாவில் போட்டிருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது செல்களைச் சேதப்படுத்தும் பொருட்களை அடக்குவது? கிழங்கில் ஹைப்பாக்ஸோசைடு என்று ஒன்று உண்டு. குடலில் இருக்கும் பாக்டீரியா அதை உடைத்து ரூப்பரால் ஆக்குகிறது. சோதனைக் குழாயில் ரூப்பரால் சக்திவாய்ந்த ஆன்டிஆக்ஸிடன்ட்தான், பொய்யில்லை. ஆனால் மனிதர்களுக்கு வாய்வழியாகக் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தபோது ரூப்பரால் அப்படியே கிடைக்கவில்லை. சல்பேட், குளுக்குரோனைடு என்று வேறு பொருட்களோடு ஒட்டிக்கொண்ட நிலையில்தான் கிடைத்தது. குழாயில் பார்த்த சரக்கு வேறு, ரத்தத்தில் ஓடுகிற சரக்கு வேறு. டப்பாக்காரர்கள் காட்டுவது குழாய்க் கணக்கு.

இந்தக் கணக்கு மற்ற செடிகளுக்கும் பொருந்தும். உணவுப் பொருட்களின் ஆன்டிஆக்ஸிடன்ட் வலிமையை எண்களாகப் போட்டு வைத்திருந்த ஒரு பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012இல் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை என்பதுதான் காரணம். இன்னும் மோசமான கதை ஃபின்லாந்தில் நடந்தது. புகைபிடிக்கும் 29,000க்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்ட ஆய்வு அது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் சுமார் 18% அதிகமாக வந்தது. 1994இல் இந்த முடிவு வெளியானபோது, ‘ஆன்டிஆக்ஸிடன்ட் தானே, என்ன கெட்டுவிடும்?’ என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

கிழங்கை நான் மறுக்க இன்னொரு காரணமும் உண்டு. அட்டோர்வாஸ்டாட்டினைக் கரைத்து வெளியேற்றும் முக்கியமான கல்லீரல் நொதி ஒன்றை இதன் சாறு ஆய்வகத்தில் தடுத்திருக்கிறது. உடம்புக்குள்ளும் அதே அளவு தடுக்கும் என்று சொல்லிவிட முடியாது. தடுத்தால் மருந்து ரத்தத்தில் சேர்ந்து தசைகளைப் பாதிக்கலாம். எந்த நன்மைக்காக 64 வயதில் இந்தப் பரீட்சை? மருந்தை விட்டுக் கிழங்கை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2000களில் சுகாதார அமைச்சராக இருந்த மாண்டோ சபலாலா-ம்சிமாங், பூண்டு, பீட்ரூட், எலுமிச்சையோடு இந்தக் கிழங்கையும் எய்ட்ஸ் நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தார். அதே காலத்தில் எச்.ஐ.வி. மருந்துகள் மக்களுக்குப் போய்ச் சேரத் தாமதமாயின. அந்தத் தாமதம் பல உயிர்களைக் கொண்டுபோனது. பாட்டி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அம்மா வேறு மாத்திரை சாப்பிடுவது அவருக்குத் தெரியுமோ என்னவோ.

ருயிபோஸ் விஷயம் வேறு. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் செடர்பெர்க் மலைகளில் விளையும் செடி, அங்குள்ள பழங்குடிகளான கோய், சான் மக்கள் வழிவழியாகக் குடித்து வருவது. காஃபின் கிடையாது, இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் டானினும் குறைவு. உங்கள் அம்மாவுக்கு அதில்தான் லாபம். 1979இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். இரும்புச்சத்தைத் தண்ணீரோடு கொடுத்தபோது சுமார் 9% உடம்பில் சேர்ந்தது, ருயிபோஸோடு 7%, சாதாரண டீயோடு 2%கூட இல்லை. ரத்தசோகை உள்ளவர் டீயிலிருந்து இதற்கு மாறியது நல்ல காரியம்தான். கொழுப்புக்கும் கொஞ்சம் உதவலாம். 2011இல் வந்த ஓர் ஆய்வில் 40 பேர் ஆறு வாரம் தினம் ஆறு கோப்பை குடித்தார்கள், கெட்ட கொழுப்பு இறங்கியது. நாற்பது பேரை வைத்து ஒரு மருந்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அப்புறம், ஆறு கோப்பையிலும் சர்க்கரை போட்டால் எல்லாம் போச்சு.

ரத்தசோகை ஏன் வந்தது என்று பார்த்தாயிற்றா? 64 வயதில் அதை டீ மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். ஏற்கெனவே சில மாத்திரைகளை விழுங்கியிருந்து, தசைவலியோ, கறுத்த சிறுநீரோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.