கேள்வி மூட்டை: நெடுந்தூரச் சைக்கிள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி சைக்கிளைப் பற்றியே. சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: சைக்கிளிலேயே நாடு நாடாகப் போகிறவர்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. எல்லாரும் பயிற்சி எடுத்த வீரர்களா? செம்பனைக் குலை வெட்டும் என் மகனும் கிளம்புகிறேன் என்கிறான்.

ப: வீரர்கள் குறைவுதான் அம்மா. 1894இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட ஆனி லண்டன்டெரி மூன்று பிள்ளைகளின் தாய். சிக்காகோ போய்ச் சேர்வதற்குள் 19 கிலோ சைக்கிள் அவரைப் படுத்திய பாட்டில், ஏறக்குறைய பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். கப்பலில்தான் நிறையத் தூரம் போனார் என்று குறை சொல்வோர் உண்டு. அந்தக் காலத்தில் நீளப் பாவாடையை விட்டுக் காற்சட்டை மாட்டி ஏறியதே பெரிய காரியம். 1963இல் அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த டெர்வ்லா மர்ஃபி, போகிற ரோட்டுக்குத் தாங்காது என்று கியரையே கழற்றிவிட்டார். 1977இல் டெல்லியிலிருந்து சுவீடனுக்கு மிதித்த பி.கே. மகாநந்தியா தெருவில் படம் வரைந்து பிழைத்தவர்.

எதெல்லாம் வேண்டாம் என்று இவர்களுக்குத் தெரிந்திருந்ததே, அதைத்தான் மெச்ச வேண்டும். குலை வெட்டுகிறவருக்கு உடம்பு ஏற்கெனவே தயார். பையை மட்டும் தராசில் வையுங்கள். 12 கிலோவைத் தாண்டினால் வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

கே: பின்சக்கரக் கம்பி அடிக்கடி அறுகிறது. புதிது போட்டால் பக்கத்துக் கம்பி போகிறது. சுமை கூடிவிட்டதா?

ப: சுமையும்தான்; ஆனால் முதல் குற்றவாளி தொய்வு. சக்கரம் உருளும்போது, தரைப்பக்கம் வரும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்ந்து மறுபடி விறைக்கும். ஏற்கெனவே தொய்ந்திருக்கும் கம்பி அந்த நேரத்தில் அடியோடு தளர்ந்துவிடும். ஹப்பில் வளைந்து நுழையும் கழுத்து ஆடி ஆடிக் களைத்து அங்கேயே முறியும். அறுந்த துண்டை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கழுத்தில்தான் போயிருக்கும். அதன் பாரம் பக்கத்துக் கம்பிகள் மேல் ஏறுவதால் அடுத்தது சீக்கிரம் போகிறது.

ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டுங்கள். சத்தம் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால், டயர் பக்கமிருந்து பார்த்து, கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் சின்ன நட்டான நிப்பிளைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் கால் சுற்றாக முறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் சக்கரத்தைச் சுழற்றி, பிரேக் கட்டைகளுக்கு நடுவே ரிம் ஆடாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று நான்கு அறுந்த சக்கரமானால் மிச்சமும் களைத்தவைதான். 36 கம்பியையும் 2 மி.மீ. பருமனில் புதிதாகவே மாட்டிவிடுங்கள்.

செயின் பக்கக் கம்பி மறுபக்கத்தைவிடச் சற்றுக் குட்டை. இரண்டு அளவிலும் மும்மூன்று எடுத்து பிரேமோடு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பின்பல்லைக் கழற்றும் சாவியும் கூட வர வேண்டும். அதைக் கழற்றாமல் செயின் பக்கம் கம்பி கோக்க வராது. கம்பி கொண்டுபோய்ச் சாவியை மறந்தவர்கள்தான் லாரிக்கு கை காட்டுகிறார்கள்.

கே: கிரிக் வழியாகக் கோத்தா பாருவுக்குச் சைக்கிளில் போக முடியுமா?

ப: முடியும். விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய ரோட்டில் கோலகங்சார் போய், லெங்கோங் வழியாகக் கிரிக் சேருங்கள். கிரிக்கிலிருந்து ஜெலி ஏறக்குறைய 120 கி.மீ., முழுக்க ஏற்ற இறக்கம், நடுவில் தித்திவங்சா மலைத்தொடர். தெமெங்கோர் ஏரிப் பக்கம் பண்டிங்கில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். அதைத் தாண்டினால் கடை கண்ணி அரிது. ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அந்தச் சாலையில் யானை நடமாட்டம் உண்டு. விடிந்த பிறகு ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். யானை நின்றால் தூரத்திலேயே நில்லுங்கள், மணி அடிக்க வேண்டாம், அது போகும்வரை காத்திருங்கள். பையில் வாழைப்பழம் கொண்டுபோகும் ஆசையை அன்று மட்டும் விட்டுவிடலாம்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள். ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிடுங்கள். ரிம்மைத் தொட முடியாத சூடு என்றால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கே: ஒரு மணி நேரம் மிதித்தாலே முட்டி வலிக்கிறது.

ப: முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வாக இருக்கும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அரை செ.மீ. வீதம் ஏற்றிப் பாருங்கள். அதன் பிறகும் வலி நீடித்தால் கிளினிக்கில் காட்டுங்கள்.