தருமபுரி, கிருஷ்ணகிரி வெயிலுக்கும் ஊர்ப் புழக்கத்துக்கும் ஏற்ற மாதிரி பள்ளிக்கூடமும் திட்ட வீடுகளும் கட்ட முடியுமா?

கேட்டவர் ஊரில் புதுப் பள்ளிக் கட்டடமும், கலைஞர் கனவு இல்லம் என்ற அரசு வீட்டுத் திட்டத்தில் சில வீடுகளும் வரப்போகின்றனவாம். சூழலுக்கேற்ற கட்டடம் என்று படிப்பதெல்லாம் நம் பக்கம் நடக்குமா, செலவு கட்டுப்படியாகுமா என்று கேட்கிறார்.

நடக்கும். நான் டிப்ளமோ சிவில் படித்துவிட்டு பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் சின்னச் சின்ன கட்டட வேலைகள் எடுத்துச் செய்கிறவன். வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பும் உண்டு. அதனால் என் பதில் புழு வளர்ப்பு மனையிலிருந்துதான் தொடங்கும்.

பட்டுப்புழுவுக்கு 23 முதல் 28 டிகிரி வரைதான் ஒத்துக்கொள்ளும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சூடு ஏறினால் இலை தின்னாது, நோய் விழும், கூடு மெலியும். இது தெரிந்ததால் நம் பக்கத்து விவசாயி மனை கட்டும்போது இன்ஜினியரைக் கேட்காமலே பல விஷயங்களைச் சரியாகச் செய்துவிடுகிறார். நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வைப்பார். வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரே ஜன்னல், சுவரின் அடியிலும் உச்சியிலும் காற்றுத் துளை, சுற்றிலும் தாழ்வாரம், பக்கத்தில் இரண்டு மரம். தளம் போட்ட மனையாக இருந்தால் தளத்துக்கு மேலே இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல். சித்திரையில் ஜன்னலுக்கு ஈரச் சாக்கு.

அதே விவசாயி பக்கத்திலேயே தனக்குக் கட்டிய வீட்டைப் போய்ப் பாருங்கள். மேற்குப் பார்த்த படுக்கையறை, ஒற்றை ஜன்னல், ஒன்றரை அடி சன்ஷேடு, வெயில் நேராக இறங்கும் மொட்டைத் தளம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் அந்தச் சூட்டை உள்ளே இறக்கும். மனையில் புழு நிம்மதியாக இலை தின்றுகொண்டிருக்கும், வீட்டில் மனுஷன் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வருவான். புழுவுக்கு ஆகிற நஷ்டம் கூடு மார்க்கெட்டில் ரேட்டாகத் தெரிந்துவிடுகிறது. மத்தியானம் வகுப்பறையில் தூங்கி வழியும் பிள்ளைக்கு யாரும் ரேட் போடுவதில்லை.

பர்கினா பாசோ நாட்டில் காந்தோ என்ற கிராமத்தில் பிரான்சிஸ் கேரே 2001இல் ஒரு தொடக்கப்பள்ளி கட்டி முடித்தார். அது அவர் பிறந்த ஊர். ஊர்க்காரர்களே வேலை செய்தார்கள். களிமண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திய கல்லில் சுவர், அதே கல்லில் துளை விட்ட உட்கூரை, அதற்கு மேலே கம்பிச் சட்டத்தில் தூக்கி நிறுத்திய தகரக் கூரை. இரண்டு கூரைக்கும் நடுவே காற்று ஓடிச் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். கட்டடக் கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் 2022இல் அவருக்குக் கிடைத்தது. தளத்துக்கு மேல் கீற்றுப் பந்தல் போடுகிற நம்மாள் செய்வதும் இதே வேலைதான், ஒரு விருதும் வரவில்லை, அவ்வளவே.

ஆகவே பள்ளிக்கூடத்துக்கு முதலில் கேட்க வேண்டியது இரண்டாவது கூரை. தளத்துக்கு மேலே இரண்டு மூன்றடி தூக்கி, வெள்ளை நிறத் தகடு போதும். அடுத்தது திசை. நம் ஊர் 12 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை உச்சி வெயில் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அதனால் வடக்குச் சுவருக்கு நிழல் வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது, வராண்டாவை அந்தப் பக்கம் வைத்தாலும் தப்பில்லை. காலையிலும் மாலையிலும் சாய்ந்து அடிக்கும் கிழக்கு மேற்கு வெயிலைச் சன்ஷேடு தடுக்காது. அந்த இரண்டு பக்கமும் சுவரைக் குறுக்கி, கழிவறை, ஸ்டோர் ரூம், மாடிப்படி என்று தள்ளிவிட வேண்டியதுதான். இடம் சாலையைப் பார்த்திருக்கிறது என்பதற்காகக் கட்டடமும் சாலையைப் பார்த்தே நிற்க வேண்டுமா என்ன?

மண் வீடு பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சித்திலிங்கியில் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1993இல் ஆஸ்பத்திரியை ஆரம்பித்ததே ஒரு குடிசையில்தான், அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மழைக்கு மழை ஒழுகி, கரையான் தின்று, தேளுக்கும் பாம்புக்கும் பயந்து கூரைக் கொட்டாயில் தலைமுறையாகக் கிடந்தவரிடம் போய் ‘மண்ணில் கட்டுங்கள், குளுமை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்குத் தளம் போட்ட வீடு என்பது மரியாதை. அதில் நியாயம் இருக்கிறது.

நம் பக்கம் அதற்குச் சரியான விடை கல். பூமியெல்லாம் கருங்கல்லாக இருக்கும் ஊர் இது. கிருஷ்ணகிரி பக்கம் மல்லசந்திரத்தில் பெருங்கற்காலத்து ஆட்கள் கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகை மூடிக் கட்டிய ஈமக் கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. பாறைமேல் நெருப்பு மூட்டிப் பலகை பலகையாக உரித்தெடுக்கும் வித்தை நேற்றுவரை இருந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பழைய வீடுகளிலும் மாட்டுக் கொட்டாய்களிலும் கற்பலகைக் கூரையைப் பார்க்கலாம், தோட்டத்து வேலிக்கே கல்லுக்கால் நடுகிற ஊர். இன்றைக்கு குவாரிகளில் பாலிஷுக்கு ஆகாத கல் மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதையே சைஸ் கல்லாக உடைத்துச் சுவர் எடுத்தால் சூளை விறகு மிச்சம், பூச்சும் பெயின்ட்டும் மிச்சம். ஒரு எச்சரிக்கை: கனத்த கல் சுவர் வெயில் பட்டால் கான்கிரீட்டைப் போலவே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாழ்வாரம் இல்லாமல் கல்லில் கட்டாதீர்கள்.

செங்கல்தான் என்றால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ‘ரேட் டிராப்’ (எலிப்பொறி) கட்டு இருக்கிறது. செங்கல்லைக் குத்துக்கல்லாக வைத்து நடுவே வெற்றிடம் விடும் ஒன்பது அங்குலச் சுவர். செங்கல் கால் பங்கு குறையும், வெற்றிடம் சூட்டையும் தடுக்கும். மேஸ்திரி முதல் இரண்டு வரிசைக்கு முணுமுணுப்பார், அப்புறம் பழகிவிடும்.

இனி வீடுகள். கனவு இல்லத்தில் 360 சதுர அடி, மூன்றரை லட்ச ரூபாய். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் வேண்டும். மீதி 60 சதுர அடிக்கு ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் தவிர்த்துத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ள விதியிலேயே இடமிருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதையும் தளமாகப் போட்டு அறைக்குள் சேர்த்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த 60 சதுர அடிதான் வீட்டின் உயிர். அதை ஓடு போட்ட திண்ணையாக வெளியே நிறுத்துங்கள், முடிந்தால் மேற்குப் பக்கம். மாசி பங்குனியில் புளி தட்டுகிற வேலை நம் பெண்களுக்கு எங்கே நடக்கிறது? நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துப் பேசிக்கொண்டே செய்கிற வேலை அது. பத்துக்குப் பத்து அறையில் அதைச் செய்ய முடியாது. திண்ணை இல்லாத காலனிகளில் வெயில் நகர நகர அவர்களும் தெருவில் நகர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

வீடுகளை வரிசையாக நிறுத்தி நடுவே சிமென்ட் ரோடு போட்டால் லேஅவுட் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆடு மாட்டை எங்கே கட்டுவது, ராகியை எங்கே காய வைப்பது? களம் இல்லாததால்தான் ராகிக் கதிரும் கொள்ளும் தார் ரோட்டில் பரப்பப்பட்டு, பைக்கில் போகிறவர்கள் சறுக்கி விழுகிறார்கள். பத்து வீட்டுக்கு ஒரு பொதுக் களமும், ஓரமாக ஒரு புங்க மரமும் வரைபடத்திலேயே வர வேண்டும். சமுதாயக் கூடத்தைவிட அது அதிகம் பயன்படும்.

தண்ணீரையும் கூரையோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். நம் மாவட்டங்களில் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அனுமதி அளவு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். பல்லில் பழுப்புக் கறை விழுந்த பிள்ளைகளைப் பார்க்காதவர் இங்கே இல்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை, ஆனால் குழாய் வராத நாளும் உண்டு. மழை நீரில் ஃபுளோரைடு கிட்டத்தட்ட இல்லை. ஆயிரம் சதுர அடிக் கூரையில், வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், 70,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. முதல் மழையைக் கழித்துவிட்டு, மிச்சத்தை வடிகட்டி மூடிய தொட்டியில் பிடித்தால் சத்துணவுச் சமையலுக்கு நல்ல தண்ணீர். மழைநீர்ச் சேமிப்பு என்று பைப்பைக் குழிக்குள் விட்டுப் போட்டோ எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.

செலவு? திசைக்கும் ஜன்னல் இடத்துக்கும் காசு கிடையாது. கல், குவாரி பக்கத்திலிருந்தால் வண்டி வாடகை குறைவு. இரண்டாவது கூரைக்குத்தான் கூடுதல் பணம், அதற்கு நன்கொடையாளரைப் பிடிக்கலாம். உண்மையான சிக்கல் எஸ்டிமேட்டில். பழகாத வேலைக்கு ரேட் எழுத யாருக்கும் துணிவு வராது. திட்ட வீட்டில் பேஸ்மென்ட், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்), தளம் என்று கட்டம் கட்டமாகப் பணம் வருவதால், வழக்கத்தை மாற்றினால் பில் நின்றுவிடுமோ என்று வீட்டுக்காரருக்கும் பயம். அதனால் அஸ்திவாரம் தோண்டும் முன்பே ஊராட்சி ஒன்றிய இன்ஜினியரிடம் வரைபடத்தோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள், கடைக்கால் போட்ட பிறகு எதுவும் மாறாது.

பள்ளிக்கூட விஷயத்தை மே 1 கிராம சபையில் எழுப்புங்கள். கூட்டத்தை இப்போதிருக்கும் வகுப்பறைக்குள்ளேயே, மத்தியானம் இரண்டு மணிக்கு வைக்க முடிந்தால் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.