முட்டையா, உருண்டைக் கல்லா? புதைபடிவக் கேள்வி பதில்

கே: அரியலூர்ப் பக்கம் ஓடையில் பந்து மாதிரி ஒரு கல் கிடைத்தது. டைனோசர் முட்டைதானே?

ப: பெரும்பாலும் இருக்காது. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பரவிய ‘டைனோசர் முட்டை’ச் செய்தியும் இப்படித்தான் முடிந்தது. அவை அம்மோனைட் என்ற, அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரியைச் சுற்றிக் கடற்சேறு இறுகிய உருண்டைகள். வடிவத்தை விடுங்கள், முட்டை ஓடு இருக்கிறதா என்று பாருங்கள். நர்மதைப் பள்ளத்தாக்கு முட்டைகளில் ஓடு ஒன்றிரண்டு மி.மீ. கனத்தில், உள்ளிருக்கும் மண்ணோடு ஒட்டாத தனி அடுக்காகத் தெரியும். கைலென்சில் மேற்புறம் சின்னச் சின்னக் குமிழாக இருக்கும். சந்தேகம் தீர, 0.03 மி.மீ. சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். விசிறிபோல் விரியும் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) படிகமும் மூச்சுத் துளையும் தெரிந்தால் ஓடு. அதுவரை கல்லைக் கழுவாதீர்கள், எடுத்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

கே: நீர்த்த அமிலம் விட்டேன், நுரைத்தது. இப்போதாவது உறுதிதானே?

ப: சுண்ணாம்பு என்பது மட்டும் உறுதி. முட்டை ஓடும் நுரைக்கும், வெறும் உருண்டையும் நுரைக்கும்.

கே: கார்பன் டேட்டிங் எங்கே செய்யலாம்?

ப: அது ஏறக்குறைய 50,000 ஆண்டு வரைதான் எட்டும். டைனோசர் காலப் பாறை 6.6 கோடி ஆண்டுக்கு மேற்பட்டது. அரியலூரில் காலம் சொல்வது கூடக் கிடைக்கும் அம்மோனைட் இனங்கள்தான்.

கே: மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகையில் 55 கோடி ஆண்டு டிக்கின்சோனியா என்ற ஆதி உயிரியின் புதைபடிவம் கிடைத்ததே?

ப: கிடைக்கவில்லை. புவியியலாளர் கிரிகரி ரெட்டலாக்கின் குழு சொன்னதை, இன்னொரு புவியியலாளர் ஜோசப் மீர்ட்டின் குழு நேரில் போய்ப் பார்த்து 2023இல் மறுத்தது. அது பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்த பழைய தேன்கூட்டின் தடம்.

கே: ஆய்விதழில் வந்ததே பொய்யென்றால் எதைத்தான் நம்புவது?

ப: பொய்க்கும் பிழைக்கும் வித்தியாசம் உண்டு. புதைபடிவம் என்றால் பாறைக்குள் பதிந்திருக்க வேண்டும். இது மேலே ஒட்டியிருந்தது, எட்டாத உயரத்தில், படத்தில் மட்டும் நரம்போடிய இலைபோல. இரண்டே ஆண்டில் அது உரியத் தொடங்கியதும், அருகிலேயே தேன்கூடுகள் தொங்கியதும் விஷயத்தை உடைத்தன. ரெட்டலாக்கும் ஒப்புக்கொண்டார். இழப்பு வேறிடத்தில்: அதை வைத்து அந்த மணற்கல்லுக்கும் 55 கோடி வயது சொல்லியிருந்தார்கள், அந்தச் சான்றும் போயிற்று. ‘விஞ்ஞானிகள் ஏமாந்தார்கள்’ என்று சிரிப்பவர்கள், ஏமாந்ததைக் கண்டுபிடித்ததும் விஞ்ஞானிகள்தான் என்பதைக் கவனிக்கவும்.

கே: கார்பன் டேட்டிங்குக்கு எவ்வளவு செலவாகும்?

ப: மேலே பாருங்கள்.

கே: களிமண்ணில் எலும்பு தெரிந்தால் எப்படி எடுப்பது?

ப: நீங்கள் எடுக்காதீர்கள், புவியியல் துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் செய்வது இது. சுற்றிலும் பள்ளம் வெட்டி, எலும்பை மண் மேடையோடு நிறுத்துவார்கள். நன்றாக உலர்ந்திருந்தால் எலும்பை இறுக்கும் பிசினான பாராலாய்ட் பி-72ஐ அசிட்டோனில் 5% கரைத்துப் பூசுவார்கள். ஈரத்தில் பூசினால் வெளுத்து, உள்ளே இறங்காது. பிறகு ஈரத் திசுத்தாள், அதன்மேல் பிளாஸ்டரில் நனைத்த கோணித் துண்டுகள். திசுத்தாளை விட்டால் பிளாஸ்டர் எலும்பையே பிய்த்துக்கொண்டு வரும். இறுகியபின் மேடையின் அடியை அறுத்துப் புரட்டுவார்கள். இத்தனை செய்தும் சில நேரம் தோற்கும். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸ் என்ற பெரிய டைனோசரின் எலும்புகள் பொடிந்து போய், இன்று படங்களும் வரைபடங்களும்தான் மிச்சம்.

கே: கல்லை நன்றாகக் கழுவி, வெள்ளைத் துணியில் வைத்துப் படம் அனுப்பியிருக்கிறேன். என்ன அது?

ப: கழுவியாயிற்றா? சரி. எந்த ஊர், எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம்?