குடிகாரனுக்குக் குவார்ட்டரா?

அன்புள்ள டாக்டர்,

போன மாதம் அம்மாவுக்குக் கடுமையான வயிற்றுவலி. இங்கே கனெக்டிகட்டில் ஒரு மருத்துவமனை எமர்ஜென்சியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதற்குள் ஆம்புலன்சில் வந்த ஒரு பையனை நேரே உள்ளே கொண்டுபோனார்கள். ஃபென்டனில் என்ற போதைமருந்தை அதிகமாக எடுத்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். விழித்ததும் காப்பாற்றியவர்களையே கெட்ட வார்த்தையில் திட்டினான். அவனுக்கு பியூப்ரெநார்ஃபின் என்று ஏதோ கொடுத்தார்கள். தேடிப் பார்த்தால் அதுவும் ஃபென்டனில் போல ஓப்பியாய்டு, அதாவது அபின் வகை மருந்துதானாம்! குடிகாரனுக்குக் குவார்ட்டர் வாங்கிக் கொடுப்பது போல இல்லையா இது?

ச.

அன்புள்ள ச.,

அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? அதை எழுதவில்லையே.

மூச்சு நின்றவனுக்கு வரிசை கிடையாது. அதை விடுங்கள், திட்டுக்கு வருவோம். அவனை எழுப்பக் கொடுத்திருக்கும் முறிமருந்தான நலோக்சோன், மூளையின் ஏற்பிகளில் (மருந்து போய் ஒட்டும் இடங்களில்) உட்கார்ந்திருக்கும் ஓப்பியாய்டைத் தள்ளிவிடும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். கூடவே, போதைக்குப் பழகிய உடம்பில், அது திடீரென்று இல்லாமல் போகும் அவதி, அதாவது வித்டிராயல், ஒரேயடியாக இறங்கும்: வாந்தி, பேதி, எலும்புக்குள் குடைச்சல். அந்த நேரத்தில் யாருக்கும் நன்றி சொல்ல வராது. நானும் வெகுகாலம் அதைத் திமிர் என்றுதான் நினைத்தேன். மூச்சு வரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் திட்டும் குறையும் என்பதைத் தாமதமாகத்தான் கற்றேன்.

குடைச்சலோடு அனுப்பினால் அவன் நேரே எங்கே போவான்? அப்படிப் பிழைத்து வீடு திரும்பியவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்திருப்பதை, மாசசூசெட்ஸ் பதிவுகளை அலசியவர்கள் கண்டார்கள்.

குவார்ட்டர் உவமையை ரசித்தேன். ஆனால் பொருந்தவில்லை. பியூப்ரெநார்ஃபின் ஏற்பியை அரைகுறையாகத்தான் தூண்டும். தனியாக எடுத்தால், ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் மூச்சை மேலும் அடக்காது. ஆனால் பிடித்த பிடியை லேசில் விடாது. மேற்கொண்டு ஃபென்டனில் ஏற்றினாலும் உட்கார அதிகம் இடம் இருக்காது. குவார்ட்டர் அடித்தவன் இன்னொரு குவார்ட்டர் கேட்பான். இதை நாக்குக்கு அடியில் வைத்தவன் கொஞ்ச நேரத்தில் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்பான்.

இதைச் சோதித்ததே உங்கள் மாநிலத்தில்தான். நியூ ஹேவனில், யேல் பல்கலைக்கழகத்தின் கெயில் டி'ஓனோஃப்ரியோ குழுவினர் எமர்ஜென்சிக்கு வந்த, ஓப்பியாய்டுக்கு அடிமையான 329 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்குச் சிகிச்சை மையங்களின் விவரம் மட்டும். இரண்டாவதுக்கு உட்கார்ந்து பேசி, மையத்தோடு தொடர்பும் ஏற்படுத்தினார்கள். மூன்றாவதுக்குப் பேச்சோடு பியூப்ரெநார்ஃபினும் அங்கேயே தொடங்கினார்கள். 2015இல் முடிவு வந்தது. முப்பது நாள் கழித்துச் சிகிச்சையில் இருந்தவர்கள் முறையே 37, 45, 78 சதவீதம். நடுவில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். கனிவான பேச்சு மட்டும் அவ்வளவுதான் செய்தது. நாம் இரக்கம் என்று சொல்வது பெரும்பாலும் அந்தப் பேச்சைத்தான்.

ஒரு வேடிக்கை. வலிக்கு ஆக்சிகோடோன் என்ற ஓப்பியாய்டை எழுத அமெரிக்க டாக்டருக்குத் தேவைப்படாத தனி அனுமதி, அதன் பிடியிலிருந்து மீட்கும் இந்த மருந்தை எழுதத் தேவைப்பட்டது. 2022 டிசம்பர் கடைசியில்தான் அதை எடுத்தார்கள்.

அந்தப் பையனுக்கு மாத்திரை கொடுத்துத்தான் அனுப்பினார்கள் என்றால், நல்ல எமர்ஜென்சி அது. அம்மாவைக் காக்க வைத்ததற்குப் புகார் எழுதுங்கள், தப்பில்லை. அதில் அவனை இழுக்காதீர்கள்.