சூரியான் அவ்வளவு பெரிய ஆளா? – கடிதம்

வணக்கம் சார்,

மல்யுத்தம் பற்றிய உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் ஈரானின் ஹமீத் சூரியானை ‘சிறிய எடைப்பிரிவுகளில் நான் பார்த்த ஆகச் சிறந்த கிரேக்க-ரோமன் வீரர்’ என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் மிகை என்று தோன்றுகிறது. மூன்று ஒலிம்பிக்கில் இறங்கி ஒரே ஒரு தங்கம். பெய்ஜிங்கில் பதக்கமே இல்லை, ரியோவில் முதல் சுற்றிலேயே தோல்வி. உலக சாம்பியன்ஷிப் வருடா வருடம் வருவதுதானே, அதை வைத்து ஒருவரை இவ்வளவு தூக்கிப் பேசலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெய்ஜிங் விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கு மறுப்பே இல்லை. மூன்று முறை உலக சாம்பியன் என்ற பெயரோடு போனவர், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் தென் கொரியாவின் பார்க் உன்-சுலிடம் தோற்று வெறுங்கையோடு திரும்பினார். ரியோவில் ஜப்பானின் ஷினோபு ஓட்டா முதல் ஆட்டத்திலேயே அவரை முடித்துவிட்டார். ஓட்டா கடைசியில் வெள்ளி வாங்கினார் என்பதெல்லாம் சமாதானம் ஆகாது.

ஆனால் ‘வருடா வருடம் வருவதுதானே’ என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அவர் ஆடிய காலத்து ஒலிம்பிக்கில் ஒரு எடைப்பிரிவுக்கு இருபது பேர் அளவில்தான் உள்ளே வர முடிந்தது. உலக சாம்பியன்ஷிப்புக்கு ஒவ்வொரு நாடும் ஒருவரை அனுப்பலாம். கூட்டம் அங்கேதான் அதிகம். அந்தக் கூட்டத்தில் 2005 புடாபெஸ்ட், 2006 குவாங்சோ, 2007 பாகூ, 2009 ஹெர்னிங், 2010 மாஸ்கோ என்று 55 கிலோவில் ஐந்து பட்டம். இடையில் 2008 விட்டுப்போனது போலத் தெரியும். ஒலிம்பிக் ஆண்டு என்பதால் அவர் பிரிவில் அந்த வருடம் உலகப் போட்டியே கிடையாது. அதாவது இருபது வயதிலிருந்து இருபத்தைந்து வரை, நடந்த எல்லா உலக சாம்பியன்ஷிப்பும் அவருடையவை.

அன்றைய விதியையும் நினைவில் வையுங்கள். இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலைப் போட்டு இடறவும் கூடாது என்பது கிரேக்க-ரோமனின் பொது விதி. அதற்கு மேல், அப்போது ஆட்டம் இரண்டிரண்டு நிமிடமாக மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்கு தனி, இரண்டு சுற்றை எடுத்தவர் வென்றார். ஒரு பாயிண்டில் ஒரு சுற்று போய்விடும். முதல் சுற்றில் ஆறு பாயிண்ட் எடுத்திருந்தாலும் அடுத்ததில் அது செல்லாக்காசு. 55 கிலோவில் இரண்டு பேருமே சின்ன உடம்பு, இரண்டு பேருமே மின்னல். எடையைப் போட்டு அமுக்கி ஜெயிக்கிற வேலை நடக்காது. தரையில் கிடப்பவரின் இடுப்பைச் சுற்றிக் கையைப் பூட்டி ஒரே ஒரு உருட்டு, சுற்று முடிந்தது. இப்படிப்பட்ட விதியில் ஐந்து உலகப் போட்டிகளைத் தொடர்ந்து வெல்வதை நான் ஒலிம்பிக் தங்கத்துக்குக் குறைவாக மதிக்க மாட்டேன்.

அந்தத் தங்கமும் லேசில் வந்ததல்ல. 2011இல் இஸ்தான்புல்லில் பட்டம் அஜர்பைஜானின் ரவ்ஷான் பைராமோவுக்குப் போயிற்று. மறு வருடம் ஆகஸ்ட் 5, லண்டன் ஒலிம்பிக் இறுதியில் அதே பைராமோவைச் சூரியான் வீழ்த்தினார். கிரேக்க-ரோமனில் ஈரானின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. (குஸ்தி, பயில்வான் என்ற சொற்களையே நாம் பாரசீகத்திலிருந்துதான் வாங்கிக்கொண்டோம். அந்த ஊரிலேயே மதிப்பெல்லாம் தக்தி போன்ற ஃப்ரீஸ்டைல் (காலையும் பிடித்து ஆடும் வகை) பயில்வான்களுக்குத்தான். கிரேக்க-ரோமன் நெடுநாள் அதன் நிழலில் இருந்தது.) அடுத்த இரண்டு நாட்களில் ஓமித் நோரூசியும் காசெம் ரெசாயியும் தங்கம் வாங்க, பயிற்சியாளர் முகமது பனாவின் அணிக்கு மூன்று தங்கம்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கும் அப்புறம் வந்தது. 2013இல் ஒலிம்பிக்கிலிருந்தே மல்யுத்தத்தைத் தூக்கிவிடுவார்கள் என்ற நிலை வந்தபோது விதிகளை அவசரமாகத் திருத்தினார்கள். மூன்று நிமிடமாக இரண்டு சுற்று, மொத்தப் பாயிண்ட் சேர்த்துக் கணக்கு. 2014இல் 55 கிலோ பிரிவையே எடுத்துவிட்டு 59இலிருந்து ஆரம்பித்தார்கள். நான்கு கிலோதானே என்று நினைக்கலாம். 55 கிலோ ஆளுக்கு அது உடம்பில் பதினான்கில் ஒரு பங்கு. எதிரே நிற்பவர்களோ அதுவரை 60 கிலோவில் ஆடி, ஒரு கிலோ மட்டும் குறைத்துக்கொண்டு வருகிறவர்கள். அந்த வருடம் தாஷ்கென்ட்டில், 29 வயதில், அவர்களுக்கு நடுவே ஆறாவது பட்டம். வேறு எடை, வேறு விதி, அதே ஆள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒலிம்பிக் தங்கம்தான் கணக்கு என்றால், சூரியானுக்கு எதிரே நீங்கள் நிறுத்த வேண்டிய ஆள் நார்வேயின் யோன் ரோனிங்கன். 52 கிலோவில் 1988 சியோல், 1992 பார்சிலோனா இரண்டிலும் தங்கம். அவருக்காக நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் பதில் சொல்லக் கொஞ்சம் திணறுவேன். சூரியான் பற்றிய வரியை மட்டும் இப்போதைக்கு மாற்றப்போவதில்லை.